சித்தூரிலிருந்து திருப்பதிக்கு, வானத்தில் அரை மணி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் மாம்பழக் கூழ் கம்பெனியில் டிரம்களின் மேல் சாக்பீஸால் போடும் நம்பர்கள்தான். தப்பு இருக்கும் இடத்தில் சரியாக வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில், நோயிலிருந்து பிழைத்தவர்களும் ஆபத்திலிருந்து தப்பியவர்களும் ஆராதனை முடியும் நேரத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்வது என்று அதற்குப் பெயர். எனக்கு நாலு பேர் முன்னால் நாக்கு எழாது. கல்யாணத்தில் ‘சம்மதம்’ என்று சொல்ல ஐயர் என்னை மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். போன மாதம் நடந்ததைச் சபை கேட்க விரும்புகிறது. சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள், யாராவது வாசிப்பார்கள் என்று ஐயரம்மா சொன்னார். இது சாட்சியில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவியின் இதயம் பெருத்துத் தளர்ந்துவிட்டது. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஊதி ஊதிக் காற்று இறங்கிய பலூன் போல இருந்தது. இரண்டு வருடமாக அவள் படுத்துத் தூங்கியதில்லை. நாலு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். மாத்திரைக்கு இனி வேலை இல்லை, வேறொருவரின் இதயத்தை வைக்க வேண்டும் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூளை செத்துப்போன யாரோ ஒருவருடைய வீட்டார் மனசு வைத்துக் கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மேடம் இருக்கிறார். சின்ன வயசுதான். தெலுங்குக்காரர், ஆனால் எங்களுக்காகத் தமிழ் பேசுவார். அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“வெளிய எடுத்த ஹார்ட் நாலு மணி நேரம்தான் நல்லா இருக்கும். போன் செஞ்சா உடனே பொறப்படணும். இந்தப் பக்கம் பேஷண்ட் ரெடியா இருந்தாதான் அந்தப் பக்கம் இருந்து வர்றதுக்கு அர்த்தம். இங்கயே ரூம் எடுத்துத் தங்கிடுங்களேன். பின்னால தெருவுல நிறைய பேர் அப்படித்தான் இருக்காங்க.”

என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள்:

“அங்க போய் ஜன்னலண்ட குந்திக்கினு, எந்த ஆம்புலன்ஸ்ல யாரு சாகப்போறாங்கன்னு பாத்துக்கினு இருக்கணுமா? என் வூட்லயே கீறேன். தூரம் இன்னா தூரம், தோ கீது திருப்பதி.”

திருப்பதி எங்களுக்கு எப்போதுமே ‘தோ கீது’தான். சித்தூரில் யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் என்பார்கள். என் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறான். அவன் போனில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டுப் பார்த்தான்.

“மாமா, நேர்க்கோட்டுல அம்பத்தேழு கிலோமீட்டர்தானாம். பிளேன்ல போனா அரை மணியாம்.”

“சித்தூர்ல பிளேன் எங்கடா கீது?” என்றாள் அவள். “கட்டமஞ்சி ஏரியில வந்து எறங்குமா?”

“இல்லக்கா, கம்ப்யூட்டர் கணக்கு. இருந்தா அரை மணி.”

“இல்லாத பிளேனுக்கு டைம் போட்டு வெச்சிகிறான் பாரு. உனக்குப் பொண்ணு பாத்த புரோக்கர் மாதிரி.”

சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அதன் பிறகு சாயங்காலம் ஒரு விமானம் எங்கள் தெருவுக்கு மேலே தாழ்வாகப் போகும்போதெல்லாம், “தோ பாரு, அரை மணி போவுது” என்பாள். அது பெங்களூரிலிருந்து வந்து, திருப்பதி ஏர்போர்ட் இருக்கும் ரேணிகுண்டாவில் இறங்கப்போகும் விமானம். சாலையில் எழுபது கிலோமீட்டர் என்பது எனக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். ஆனாலும் போனில் பார்த்த அந்த அரை மணி எங்கள் மூன்று பேர் மனசிலும் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது.

மச்சான் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றான். ஜூலை மாதத்தில் இரண்டு மூன்று தடவை காரில் போய் ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். புது ரோடு வாய்க்கால் தண்ணீர் போல ஓடியது. அவள் பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே வேர்க்கடலை தின்றுகொண்டே, “கல்யாணத்துக்கு ரிகர்சல் பாத்தவன் உண்டு, இதுக்கு ரிகர்சல் பாத்தது நாமதான்” என்றாள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஒரு தடவையும் ஆகவில்லை. மச்சானுக்குச் சந்தோஷம். பையில் இரண்டு புடவை, துண்டு, பைபிள், ரிப்போர்ட்டுகள் எல்லாம் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அந்தப் பையை யாரும் தொடக்கூடாது. கோயிலுக்குப் போனால்கூட அது காரில் கூடவே வரும்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். நான் எழுதக் கஷ்டப்படுவது இந்தப் பகுதியைத்தான்.

பைபாஸில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எங்கள் மூன்று பேருடைய கண்ணும் போனுக்குப் போகும். சத்தம் தேய்ந்து போன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து ஏதாவது வேலை செய்வோம். டீக்கடையில் யாராவது ‘நேத்து பாகாலாகிட்ட பைக்கு அடிபட்டுச்சாம், சின்னப் பையனாம்’ என்று சொன்னால், ஐயோ பாவம் என்று என் வாய் சொல்லும். பாதி நிமிஷத்துக்குள் என் கை சட்டைப்பையில் போனைத் தொடும். கை தானாகப் போகும். நான் அனுப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர், “நம்முடைய சகோதரிக்கு மாற்று இருதயம் சீக்கிரமாய்க் கிடைக்கும்படி” என்று ஜெபம் பண்ணினார். எல்லோரும் உருக்கமாக ஆமென் சொன்னார்கள். ஆராதனை முடிந்ததும் இவள் மெதுவாக நடந்து அவரிடம் போனாள்.

“ஐயரே, கோச்சிக்காதீங்க. அப்படிக் கேக்காதீங்க.”

“ஏம்மா?”

“யாரு வூட்டுப் புள்ளைய கேக்கறோம்னு தெரியாம கேக்கறோமே.”

ஐயருக்கு முகம் மாறிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ‘உமது சித்தத்தின்படி’ என்று மட்டும் சொல்லி, கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, அடுத்த விண்ணப்பத்துக்குப் போவார். அந்தக் கொஞ்ச நேரம் கோயிலே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் தெருப் பையன்களை அவள் விடமாட்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பைக்கில் போகிறவனையெல்லாம் நிறுத்துவாள்.

“டேய், ஹெல்மெட் எங்கடா?”

“தோ கடைக்குத்தான்க்கா.”

“கடைக்குப் போனா மண்ட இரும்பாயிடுமா? போடுடா.”

“இன்னாக்கா, என் மேல கண்ணு வெச்சிட்டியா?” என்று ஒருவன் நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். பிறகு உள்ளே வந்து தலையணையில் சாய்ந்து கொண்டு, “அவன் ரத்தம் என் குரூப்புதான்யா. முகாம்ல குடுத்தான், எனக்குத் தெரியும்” என்றாள். அன்று ராத்திரி அவன் பைக் திரும்பி வரும் சத்தம் கேட்கும் வரைக்கும் அவள் தூங்கவில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து ஆராதனை. மச்சான் கோயிலுக்குள் வருவதில்லை. வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பான். அது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஐயர் அப்பத்தைப் பிட்டுக் கையில் எடுத்த நேரம். மச்சான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு வழியில் நடந்து வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

“அக்கா, வந்துடுச்சி” என்றான்.

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஸ்தோத்திரம் என்று கத்தினார்கள். கை தட்ட ஆரம்பித்தார்கள். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“தட்டாதீங்க. ஒரு வூட்ல சாவு உழுந்துகிது. கை தட்டாதீங்க.”

அப்படியே அடங்கிப்போனது. எங்கேயோ ஒரு குழந்தை மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் சபையில் யாரையும் ஜெபம் பண்ணாமல் பெரிய காரியத்துக்கு அனுப்பமாட்டார்கள். ஐயர் சுருக்கமாகத்தான் முடித்தார். ஆனால் வயதான உபதேசியார் ஒருவர் இருக்கிறார். அவர் தொடங்கினால் ஆதியாகமத்திலிருந்து வருவார். செங்கடலைப் பிளந்ததிலிருந்து ஆரம்பித்தார். என் மனைவிக்குப் பக்கத்தில் நின்ற நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை நிறுத்த ஐயராலேயே முடியாது. எலியாவின் ரதம் வந்த இடத்தில் அவள் சத்தமாக “ஆமென்” என்றாள். உபதேசியார் கண்ணைத் திறந்து பார்த்தார்.

“மீதிய நான் வழியில சொல்லிக்கிறேன் ஐயா. ரதம் வெளிய நிக்குது.”

காரில் ஏறும்போதுதான் மச்சான் சொன்னான். மேடம் தெலுங்கில், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாராம். ‘ஒக கண்டா’ என்று சொன்னானாம். ஒரு மணி நேரம்.

“சொன்னதும் நல்லது, நல்லதுன்னாங்க. அங்க ஆபரேஷன ஆரம்பிக்கச் சொல்லிடறேன்னாங்க.”

ஊரைத் தாண்டும் வரைக்கும் சரியாகத்தான் போனோம். அதற்கப்புறம்தான் மஞ்சள் துணி கண்ணில் பட்டது.

முந்தின நாள் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. வேலூர்ப் பக்கத்திலிருந்தும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் மலைக்கு நடந்து போகிறவர்கள் சாலையின் ஓரத்தையெல்லாம் நிறைத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னால் சாப்பாட்டு வண்டிகள். வண்டிகளுக்குப் பின்னால் வேன்கள், பஸ்கள். பிறந்ததிலிருந்து சித்தூரில் இருக்கிறோம். வருடா வருடம் இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறோம், தண்ணீர்கூடக் கொடுத்திருக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் வேத வசனம் இருக்கும், பெரிய வெள்ளி இருக்கும், அறுப்பின் பண்டிகை இருக்கும். புரட்டாசி இருக்காது. அது அவர்களுடைய மாதம் என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவோம். ஜூலையில் ஒத்திகை பார்த்த மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பாகாலா பிரிவுக்கு முன்னால் கார் நின்றது. நின்றது என்றால் இஞ்சினை அணைத்துவிடும் அளவுக்கு நின்றது. மேடம் போன் செய்தார்.

“எங்க இருக்கீங்க?”

“பாகாலா தாண்டிட்டோம் மேடம்” என்றான் மச்சான்.

“எதுக்குடா பொய் சொல்ற?” என்றாள் அவள் பின்னாலிருந்து.

“தாண்டப்போறோம் இல்ல?”

நான் கதவைத் திறந்து இறங்கினேன். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. முன்னால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் வண்டிகளின் முதுகுதான். நடந்து வந்தவர்களில் நாமம் போட்ட ஒரு பெரியவர் காருக்குள் குனிந்து பார்த்தார். உதடு நீலமாகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

“இன்னாப்பா, ஆஸ்பத்திரியா?”

நான் தலையை ஆட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?” என்று என்னைத் திட்டிவிட்டு, திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “டேய், வழி வுடு! வண்டிய ஓரம் தள்ளு! நோயாளி போவுது! கோவிந்தா!”

“கோவிந்தா!” என்று அத்தனை பேரும் திருப்பிச் சொன்னார்கள். பத்திருபது பேர் காருக்கு முன்னால் ஓடினார்கள். வேன்களைத் தட்டி ஒதுக்கினார்கள். சாலை ஓரத்து மண்ணில் எங்களுக்கு ஒரு வண்டி அகலத்துக்கு வழி பிறந்தது. அவர்கள் வெறும் காலோடு ஓட, நாங்கள் பின்னாலேயே உருண்டோம். அவள் அவர்களைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டாள்.

“உபதேசியார் செங்கடல்னாரே, இதான்யா அது” என்றாள் என்னிடம்.

அப்படியும் டோல்கேட் வருவதற்குள் நாங்கள் சொன்ன ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. அங்கே மறுபடியும் நின்றோம். மேடம் மறுபடியும் போன் செய்தார். இப்போது அவர் குரலில் மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை. விமானம் கிளம்புகிறது என்றார். கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து. எங்களைவிட ஆறேழு மடங்கு தூரம். அந்த இதயம் எங்களுக்கு முன்னால் வந்துவிடும் என்று எனக்கு அப்போதே புரிந்தது.

அவள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள்.

“எனக்குன்னு ஒரு பிளேன் வருது பாருய்யா. எங்க நைனா பஸ்ல கூட நின்னுக்கினுதான் போவாரு.”

கொஞ்ச நேரம் கழித்து, “அது சின்னப் புள்ளையா இருக்குமோ?” என்றாள். மச்சான் ஹாரனை அழுத்தினான்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. அதுவரைக்கும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த மேடம் கூப்பிடவே இல்லை. மச்சான் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான், எடுக்கவில்லை. “பிஸியா இருப்பாங்க மாமா. நமக்காகத்தான் ரெடி பண்ணிக்கினு இருப்பாங்க” என்றான். என் மடியில் இருந்த பையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சந்திரகிரிக்கு அப்புறம் சாலை கொஞ்சம் விட்டது. மலை தெரிந்தது. அந்தப் போன் அடிக்காமல் இருந்தது மட்டும்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

திருப்பதிக்குள் நுழைந்து, ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் பெரிய சந்திப்பில் போலீஸ் எங்களை மறித்தது. எல்லாப் பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். நடு ரோடு துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது.

“ஆகண்டி, ஆகண்டி!” என்று நிற்கச் சொல்லி ஒரு போலீஸ்காரர் பானெட்டைத் தட்டினார்.

மச்சான் தலையை வெளியே நீட்டித் தெலுங்கில் கத்தினான். அவசரம், பேஷண்ட், ஆஸ்பத்திரி என்றான். போலீஸ்காரர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். ஏர்போர்ட்டிலிருந்து குண்டே வருகிறதாம். தெலுங்கில் குண்டே என்றால் இதயம். அது போகும் வரைக்கும் கலெக்டர் வந்தாலும் விடமாட்டாராம்.

நான் இறங்கினேன். அந்தப் போலீஸ்காரர் முன்னால் போய் நின்றேன். இவளுக்குத்தான் சார் அது வருகிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பின் சீட்டைக் கை காட்டினேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்தாரோ என்னவோ, என் தோளைப் பிடித்து நிழலில் உட்காரச் சொன்னார். அதற்குள் சைரன் கேட்டது.

எத்தனையோ மாதமாகப் பயந்துகொண்டிருந்த அதே சத்தம். முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் வெள்ளை ஆம்புலன்ஸ். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கயிறுதான் இருந்தது. நின்றவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, பஸ் ஏறும் பிள்ளையை அனுப்புவதுபோல ஆட்டினாள்.

“போ, போ. நீ முன்னால போ. நான் பின்னாலயே வரேன்.”

கயிற்றை அவிழ்த்து நாங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது, எங்களுக்காகச் சக்கர நாற்காலி எதுவும் காத்திருக்கவில்லை. மேடம் மட்டும் வந்தார். எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, தரையில் முழங்கால் போட்டு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சானுக்குத்தான் தெரியவில்லை, ‘எந்த ரூம் மேடம், எந்த ரூம்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

விமானம் தரையிறங்குவதற்கு முன்பே யாரையாவது உள்ளே அழைத்துத் தயார் செய்தாக வேண்டும். நீங்கள் வந்து சேர்வீர்கள் என்று கடைசி நிமிஷம் வரைக்கும் பார்த்தோம் என்றார். அதே ரத்த குரூப்பில் ஒரு காலேஜ் பெண், பின் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். நடந்தே வந்துவிட்டாள்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். “நான்தான் ஒரு மணி நேரம்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்க்கா.”

“நிறுத்துடா. நீ இன்னா, பிளேனா ஓட்டுற?” என்றாள் அவள். பிறகு மேடத்தைப் பார்த்து, “அந்தப் பொண்ணுக்கு எத்தினி வயசு?” என்று கேட்டாள்.

“பத்தொம்பது.”

“சரி” என்றாள்.

ஆபரேஷன் அறைக்குப் போகும் வழியில் அந்தப் பெண்ணின் தாய் தரையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார் என்று அந்தம்மாவுக்குத் தெரியாது. என் கையில் இருந்த பையில் பைபிள் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, தெலுங்கில், என் மகளுக்காகப் பிரார்த்தனை செய்யம்மா என்று என் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மச்சான் எழுந்து வெளியே போய்விட்டான். இவள் அந்தம்மாவின் தலையில் கை வைத்தாள். தெலுங்கும் தமிழுமாக ஜெபம் பண்ணினாள். மூச்சு முட்டி நிறுத்துவாள், மறுபடி தொடங்குவாள். உபதேசியாரைவிட நீளமாகப் போனது. கடைசியில் ஆமென் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பினோம். நாங்கள் போகும் பக்கத்துச் சாலை காலியாக இருந்தது. எதிர்ப் பக்கத்தில் மஞ்சள் துணிக்காரர்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவனை எழுப்பிச் சாப்பிடவைக்க அவள்தான் போக வேண்டியிருந்தது.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. அவள் கால் வீக்கம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இனிமேல் சித்தூரில் இருக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பின் தெருவில் ரூம் கேட்டோம். ஒன்று காலியாகியிருக்கிறது என்று மேடம் சொன்னார். எது என்று பார்த்தால், அந்தப் பெண்ணும் தாயும் இருந்த ரூம். எதனால் காலியானது என்று மேடம் சொல்லவில்லை. நான் கேட்க வாயெடுத்தேன். அவள் என் கையை அழுத்தினாள்.

“கேக்காதய்யா. எது சொன்னாலும் என்னால தாங்க முடியாது.”

ரூமில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் வாசல். அங்கிருந்து உள்ளே போக நடந்தால் ஐந்து நிமிஷம். நாளைக் காலையில் போகிறோம்.

இன்று சாயங்காலம் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே விமானம் போனது. அவள் ‘அரை மணி’ என்று சொல்லவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இத்தினி நாளு ரோடு இருந்துச்சிய்யா, திட்டறதுக்கு” என்றாள். “கூட்டம், டோல்கேட்டு, போலீசு. நாளைலருந்து எனக்கும் அதுக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. ஒருத்தர் சாகணும். அவ்ளோதான் பாக்கி.”

நான் பேனாவை வைத்துவிட்டேன். நிறுத்தாதே, இன்னும் ஒரு விஷயம் சபைக்கு எழுது என்றாள். அதை எழுதி முடிக்கிறேன். அவள் இங்கே இல்லாதபோது நம் தெருப் பையன்களை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கடைக்குப் போனாலும் ஹெல்மெட் போடச் சொல்ல வேண்டுமாம். ஆராதனை முடிந்து பைக்கை எடுக்கும்போது கோயில் வாசலிலேயே நின்று சொல்ல வேண்டுமாம். யாராவது ஒருவர், வாரா வாரம்.

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, சித்தூர்.